சிரிப்புப் பெட்டி வைத்த வயல்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். மண்ணிலிருந்து எழும் வாயுவை அளக்கப் போகிறீர்கள். உங்கள் காலத்துப் பெட்டிகள் தாமே திறந்து தாமே மூடிக்கொள்கின்றன என்று கேள்விப்பட்டேன். நல்லது. ஆனால் உங்கள் படிவத்திலும் ஒரு கட்டம் இருக்கும்: 'விவசாயி தெரிவித்த விவரம்'. அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்றதைக் கருவி பார்த்துக்கொள்ளும்.

தொண்ணூறுகளின் நடுவில், வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், அந்தக் கட்டத்தில் ஒரு வரி எழுதினேன். 'விவசாயி அளித்த தகவல் நம்பத்தக்கதல்ல.' நான்கே சொல். எழுத அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஐம்பத்தொரு வயதில் நானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து வெளியே வந்தேன். அதற்குப் பிறகும் எங்காவது உழுத ஈரத்தின் வாசனை வந்தால், அந்த நான்கு சொல்லும் நாக்கில் ஏறி நிற்கின்றன. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். கோயில் மதிலுக்கு அடுத்த தெருவில் பிறந்து, ஆடிப்பூரத் தேர் திரும்பும் சத்தத்தில் வளர்ந்தவன். வயல் எனக்குப் பஸ் ஜன்னலில் பழக்கம். படித்தது மண்ணியல். மண்ணுக்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரியும். அந்த மண்ணில் நிற்கிறவர்கள் எதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

எங்கள் வேலை இதுதான். பயறு, காற்றில் இருக்கும் தழைச்சத்தை வேருக்குள் இழுத்து வைத்துக்கொள்கிற செடி. அப்படி இழுத்ததில் எவ்வளவு செடிக்கு, எவ்வளவு மண்ணுக்கு, எவ்வளவு நைட்ரஸ் ஆக்சைடாகி மறுபடி வானத்துக்கு என்று பார்க்க வேண்டும். நெல் அறுத்த ஈரத்தில் பாசிப்பயறு விதைக்கிற வயல்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்தோம். சோழபுரத்து வயலில் யூரியா போடலாம். தேவதானத்து வயலில் எதுவும் போடக் கூடாது. இரண்டிலும் பெட்டி கவிழ்த்து, அதற்குள் சேரும் காற்றை ஊசியில் உறிஞ்சிக் குப்பியில் அடைத்து, தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்புவோம். குப்பிகள் மதுரைக்குப் போய் எண்களாகத் திரும்பி வரும்.

தேவதானத்து வயல் செண்பகம் அக்காவுடையது. 'உடையது' என்று எழுதும்போதே கை நிற்கிறது. பட்டா கணவன் பெயரில். அவர் ராணுவத்தில், வடக்கே பனி விழுகிற எங்கோ ஓரிடத்தில். வருஷத்துக்கு ஒரு லீவு. மூன்று வருஷமாக அந்த நிலத்தில் விதைத்து அறுத்தது அக்காதான். அப்போது முப்பது வயது இருக்கும். பக்கத்து வயல் கொழுந்தன் முத்தையாவுடையது. 'பொம்பள ஒருத்தி தனியா நின்னு என்னத்த வெள்ளாமை பாக்கப்போறா, நிலத்த எங்கிட்ட விடு' என்று அவர் அண்ணனுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். அண்ணன் ஒவ்வொரு தடவையும் 'இந்தப் போகம் அவ பாக்கட்டும்' என்று பதில் போடுவார். இப்படி ஒரு போகத்துக்கு ஒரு போகமாக அந்த நிலம் அக்கா கையில் தங்கியிருந்தது. இதை அவளே எங்களிடம் சொல்லியிருக்கிறாள். "ஒரு தப்புக்குக் காத்துக்கிட்டு இருக்காக தம்பி. நானும் தப்பு செய்யாமக் காத்துக்கிட்டு இருக்கேன்."

முதல் நாள் பெட்டி வைக்கும்போது வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

"இதுக்குள்ள என்னத்தப் புடிக்கிய?"

"மண்ணுலேருந்து வர்ற ஒரு வாயு அக்கா. பல் பிடுங்கறப்ப வலி தெரியாம இருக்கக் குடுப்பாங்க. சிரிப்பு வாயுன்னு பேரு."

"எம் மண்ணு சிரிக்குதாக்கும்?"

என்னோடு வந்த லேப் டெக்னீஷியன் ரங்கராஜு அண்ணன், ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பெட்டியின் விளிம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். "இவன் பேசுத தமிழக் கேட்டா மண்ணு சிரிக்காம என்னம்மா செய்யும்."

அக்கா வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். "சிரிக்கட்டும். எம்புட்டுச் சிரிக்குதுன்னு அளந்து எனக்கும் சொல்லுங்க."

அன்றிலிருந்து ஊரில் நாங்கள் சிரிப்புப் பெட்டிக்காரர்கள். எங்களைக் கண்டாலே முத்தையா தன் வயலிலிருந்து ஆட்களுக்குக் குரல் கொடுப்பார். "ஏலே, சிரிப்புப் பொட்டி வந்துட்டுலே. மூஞ்சிய நல்லா வச்சுக்கிடுங்க."

நிபந்தனை ஒன்றே ஒன்று. "இந்தப் போகம் முழுக்க உரம் போடக் கூடாது அக்கா" என்றேன். "உரமா? சரி, போடல" என்றாள்.

அடுத்த வாரம் போனபோது அவளே ஆரம்பித்தாள். "கிடைக்காரன் வந்து நின்னான் தம்பி. விதைக்கிற முன்ன ரெண்டு நா ஆட்ட மடக்குதேன்னான். வேண்டாம்னுட்டேன். உரம் ஆகாதுன்னு சொல்லிருக்கியள்லா."

வயலில் ஆட்டுக்கிடை போட, புழுக்கை எருவாக இரவில் ஆடுகளை அடைக்க, யாராவது வந்து நின்றால் வேண்டாம் என்று சொல்கிற விவசாயி கிடையாது. அவள் சொன்னாள். நான் குறிப்பேட்டில் 'ஒத்துழைப்பு நன்று' என்று எழுதினேன். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். உரம் என்றதும் அவள் கண்ணில் வந்து நின்றது ஆடு. என் கண்ணில் இருந்தது யூரியா மூட்டை. ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

வாராவாரம் படிவத்தைப் பார்த்துக் கேட்பேன். "உரம் போட்டீங்களா அக்கா?" "போடல தம்பி." 'இல்லை' என்று ஒரு கோடு.

மாசி பிறந்து சில நாள். ராஜு அண்ணனுக்கு மெட்ராஸ் ஐ. நான் தனியாகப் போனேன். பயிர் வெளிறிக் கிடந்தது. ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சைக் கீறிப் பார்த்தேன். உதட்டின் உட்புறம் போல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறிய பச்சையாக இருந்தது. நெல்லுக்குத் தண்ணீர் கட்டிக் கிடந்த மண், முடிச்சு திரளவில்லை. நல்ல குறிப்பு கிடைத்தது என்று எழுதிக்கொண்டேன். எனக்கு அது குறிப்பு. அவளுக்கு அந்தப் போகம்.

வரப்பு ஓரத்தில் நான்கு தென்னை. அவற்றின் அடியில் புதிதாக வட்டப்பாத்தி வெட்டியிருந்தது. அங்கே நிழலில் நின்றுகொண்டிருந்த அக்கா சொன்னாள்.

"வெளிறிப் போச்சு தம்பி. நேத்து உப்பு போட்டிருக்கேன். தேறுதான்னு பாப்போம்."

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தென்னை உண்டு. அதற்கு அம்மா உப்பு போடுவாள். நான் பாத்தியைப் பார்த்தேன், மரத்தை அண்ணாந்து பார்த்தேன்.

"நல்லது அக்கா. காய் பிடிக்கும்."

"காய் புடிக்கணும்னுதான" என்றாள்.

"உரம் போட்டீங்களா?"

"அதான் போடலியே."

'இல்லை' என்று ஒரு கோடு.

இரண்டு நாள் கழித்து, பருவத்தில் இல்லாத ஒரு மழை. அதற்கு மறுநாள் போய்க் காற்று எடுத்தேன், ஒரு பையில் மண்ணும் எடுத்தேன். குப்பிகள் மதுரைக்குப் போயின. எண்கள் வந்த அன்று எங்கள் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் அல்ல, அவசரக்காரர். மறுநாள் காலை திட்டத்தைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மேஜையில் கிராஃப் தாள். தேவதானத்துக் கோடு, அடங்கிக் கிடந்த கோடு, மழைக்குப் பின் பாம்பு படம் எடுத்த மாதிரி நிமிர்ந்திருந்தது. மண்ணில் நைட்ரேட்டும் ஏறியிருந்தது.

"எதுவும் போடலைன்னு நீ எழுதியிருக்கே. போட்டிருக்குன்னு மண் சொல்லுது. ரெண்டுல யாரோ பொய். நாலு மணிக்குள்ள அந்தக் கட்டத்தை முடிச்சுக் குடு."

அப்போது காலை பதினொன்று. தேவதானத்துக்குப் பஸ் இருந்தது. போய்க் கேட்டுவிட்டு நாலு மணிக்குள் திரும்பியிருக்கலாம். ராஜு அண்ணன் கண் தெளிந்து வேலைக்கு வந்திருந்தார், ஆனால் அன்று சோழபுரம் வயலில். அவர் வரும்வரை பொறுத்திருக்கலாம். 'காரணம் தெரியவில்லை' என்று எழுதியிருக்கலாம். அதற்கும் அந்தக் கட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் எனக்கு வந்தது கோபம். இத்தனை வாரம் முகத்தைப் பார்த்து 'போடல தம்பி, போடல தம்பி' என்று சொன்னாளே என்ற கோபம். அவசரத்தில் மனம் தனக்குப் பட்ட காயத்தையே ஆதாரமாக எடுத்துக்கொள்கிறது. மூன்றரை மணிக்கு அந்த நான்கு சொல்லை எழுதிக் கொடுத்தேன்.

என் வரி தலைவரின் மேஜைக்குப் போய் அலுவலகத் தமிழில் கடிதமாயிற்று. 'தாங்கள் தவறான தகவல் அளித்தமையால் தங்கள் வயல் திட்டத்திலிருந்து நீக்கப்படுகிறது.' கடிதம் எப்போதும் பட்டாதாரர் பெயருக்குத்தான் போகும். பட்டாதாரர் பனியில் நின்றார். தபால்காரர் அதைக் கடைவீதியில் பார்த்த தம்பி முத்தையாவிடம் கொடுத்தார். முத்தையா அதைப் பிரித்துப் படித்தார். நின்றவர்களுக்கும் படித்துக் காட்டினார். பிறகு கூடவே தானும் ஒரு தாள் எழுதி வைத்து வடக்கே அனுப்பினார். மூன்று வருஷமாக அவர் எழுதிய கடிதங்களில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. முத்திரை.

இது எதுவும் எனக்குத் தெரியாது. பங்குனியில், வயலிலிருந்து பெட்டிகளை எடுத்துவரப் போனபோதுதான் தெரிந்தது. "எடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு அளவு எடுத்துடுங்க" என்று தலைவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வயலில் டிராக்டர் நின்றது. பாதி வயல் போன வாரமே உழுது கிடந்தது. அதன்மேல் ஒரு மழையும் பெய்திருந்தது. பச்சை மடங்கி, அழுகத் தொடங்கிய வாசனை. எங்கள் பெட்டி இருந்த பாதியில் பயறு இன்னும் நின்றது. உப்போ, மழையோ, எதுவோ அதைத் தேற்றியிருந்தது. முதல் எடுப்பு முடிந்து, இரண்டாம் எடுப்புக்குக் காய் திரண்டிருந்தது. நுனியில் மஞ்சளாய்ப் பூகூட இருந்தது.

"வாங்க, சிரிப்புப் பொட்டி" என்றார் முத்தையா. "சீக்கிரம் எடுத்துருங்க. செத்த நேரத்துல இந்தப் பக்கமும் உழணும்."

ராஜு அண்ணன் நின்றுவிட்டார். "காய் நிக்குதே முத்தையா. பத்து நா பொறுத்தா இன்னொரு எடுப்பு எடுக்கலாமே."

"பத்து நாள்ல ஈரம் போயிரும். பருத்தி ஊணணும். பொறவு தண்ணி யாரு பாய்ச்சுவா, நீயா வருவ?"

"நெலம் அந்தம்மா பாக்கதுல்ல?"

"பாத்தா. அண்ணன் காயிதம் போட்டுட்டாரு. சர்க்காருக்கே பொய் சொல்லுதவ எனக்கு என்ன உண்மை சொல்லப் போறா, நீ பாருன்னு." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. உழவேண்டிய அவசரம்தான் இருந்தது.

அக்கா தென்னையடியில் நின்றாள். ராஜு அண்ணன் அவளிடம் போனார். நான் பின்னால் போனேன்.

"ஏம்மா, யூரியா போட்டியா?"

"போட்டேன். வெளிறிக் கெடந்துச்சுல்லா. ரெண்டு படி உப்பு வீசுனேன்."

"அத இவன்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. இந்தா, இதே மரத்தடியில நின்னுதான் சொன்னேன், உப்பு போட்டிருக்கேன்னு. காய் பிடிக்கும்னு அவியளே சொன்னாவ."

அவிய. அடுத்த அடியில் நிற்கிற என்னை, அங்கே இல்லாத ஒருவரைச் சொல்வது போல.

ராஜு அண்ணன் திரும்பினார். "ஒங்கிட்ட என்னடா சொல்லிச்சு?"

"உப்பு போட்டேன்னு... தென்னைக்குன்னு நெனச்சேன் அண்ணா. உரம் போட்டீங்களான்னும் கேட்டேன். போடலைன்னாங்க."

அவர் வரப்பில் அப்படியே உட்கார்ந்தார். "அதி காது தம்பி, அது இல்ல. தென்னைக்குப் போடுதது கல்லுப்பு. மூட்டையில வார யூரியாவத்தான் இங்க உப்புங்கது. உரம்னா சாணி, குப்பை, ஆட்டுக்கிடை. ரெண்டு வருஷமா இந்தக் காட்டுல நடக்குதே, இது தெரியாமயா நடந்தே?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்துச் சொன்னாள். "கோயில் வீதியில சக்கரைப் பொங்கலாத் தின்னு வளந்தவியளுக்கு உப்பு எங்க தெரியப்போவுது."

மற்ற நாளாக இருந்தால் இதற்கு மூவரும் சிரித்திருப்போம்.

நான் ஓடிப்போய் முத்தையாவிடம் சொன்னேன். அவங்க பொய் சொல்லல, எனக்குத்தான் வார்த்தை புரியல, தப்பு என் பேர்ல என்று. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு டிராக்டர்காரனுக்குக் கை காட்டினார். "எழுத்துல வந்துட்டு. நீங்க வாயால சொல்லுதியா" என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு சரியான பதிலை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மறுநாள் குறிப்பேட்டில் அந்த வரியை அடித்து, கீழே எழுதினேன். 'விவசாயி அளித்த தகவல் சரியானது. கேட்டவருக்குச் சொல் விளங்கவில்லை.' தலைவர் இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார். அதுவும் கடிதமாகப் போயிற்று. அதுவும் பட்டாதாரர் பெயருக்கே. பனிக்குப் போய்ச் சேர்ந்ததோ, கடைவீதியிலேயே நின்றதோ, தெரியாது. அடுத்த போகத்திலும் நிலம் முத்தையா கையில்தான் இருந்தது. அக்கா ராஜபாளையத்து மில்லுக்கு வேன் ஏறுகிறாள் என்று ராஜு அண்ணன் ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு, மேலே கேட்காதே என்பது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அந்தக் கட்டத்தில் அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். 'உப்பு' என்றால் 'உப்பு' என்று எழுதுங்கள். உங்களுக்குப் புரிந்ததைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். இரண்டும் ஒட்டாத இடத்தில் பஸ் ஏறுங்கள். நீங்கள் எழுதுகிற வரி யார் கையில் போய்ப் பிரியும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். மண் பொய் சொல்லாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். மெய்தான். ஆனால் மண் பொய் சொல்லவில்லை என்பதாலேயே மனுஷி பொய் சொன்னாள் என்று ஆகிவிடாது. என் எண் சரி. அவள் சொல் சரி. நடுவில் நின்றவன்தான் சரியில்லை.

இதையெல்லாம் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்தப் பங்குனிப் பகலில், எல்லாம் தெரிந்த பிறகு வந்த அரைமணி நேரத்தில். கடைசியாக ஓர் அளவு எடுக்கச் சொல்லியிருந்தார்களே. நான் எடுத்தேன். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், போன வாரம் உழுது மழை நனைத்த பாதியில், மடங்கிய பயறின் மேல் அழுத்தி வைத்தேன். எங்கள் திட்டத்தில் பதிவானதிலேயே உயர்ந்த அளவு அந்தப் பெட்டியில் கிடைத்ததுதான். வேரில் சேர்ந்ததும், இலையில் ஏறியதும், காயில் திரண்டதும், மடக்கி உழுததும் எல்லாம் சேர்ந்து கிளம்பிய வாயு. பின்னாளில் கூட்டங்களில் திரையில் போட்டுக் காட்டினார்கள். என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள்.

பெட்டியை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா மெல்ல நடந்து வந்தாள். முதல் நாள் உட்கார்ந்த அதே வரப்பில், அதே மாதிரி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நாலடி தள்ளி டிராக்டர் திரும்பிக்கொண்டிருந்தது. பூவும் காயுமாகப் பயறு ஒரு வரிசை மடங்கியது. அவள் அதைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்தாள்.

"இப்பவும் சிரிக்குதா சார்?"

அதுவரை நான் அவளுக்குத் தம்பி.

நான் தலை நிமிரவில்லை. அடுத்த ஊசி இழுக்க இன்னும் நான்கு நிமிஷம் இருந்தது. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.